பொம்மைக் காரின் பல் உடைந்த வரலாறு

ரேடியோ கண்ட்ரோல் கார் என்றதும் நம்மில் பலருக்குப் பொருட்காட்சிக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் டப்பாதான் ஞாபகம் வரும். வாங்கிக் கொடுத்த மறுநாளே பையன் ஒரு சக்கரத்தைக் கையில் எடுத்துக் கொண்டு வருவான். நான் எழுதப் போகும் கார்கள் அவற்றுக்குத் தூரத்துச் சொந்தம். ஒவ்வொரு ஸ்குரூவையும் கழற்றி மாட்டலாம். மோட்டார், பேட்டரி, கியர் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி மாற்றலாம். இவற்றில் சில இன்று மணிக்கு நூறு கிலோமீட்டரை அனாயாசமாகத் தாண்டுகின்றன. இந்த அறுபது வருடங்களில் மனிதர்கள் இவற்றின் மோட்டாரைப் பெரிதாக்கிக் கொண்டே போனார்கள். மோட்டார் பெரிதாகும் ஒவ்வொரு முறையும் அதற்கு அடுத்திருந்த ஏதோ ஒன்று உடைந்தது. உடைந்ததைச் சரி செய்தார்கள், அதற்கு அடுத்தது உடைந்தது. இதுதான் கதைச் சுருக்கம்.

இதை இந்த மலரில் எழுதக் காரணம் இருக்கிறது. மெக்கானிகல், ட்ரிபிள்-ஈ மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு பெரிய 1:8 எலெக்ட்ரிக் டிரக் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெரிய மோட்டாரும் இப்போதைய 3 செல் பேட்டரிக்குப் பதிலாக 6 செல் பேட்டரியும் வாங்கச் சங்கத்திடம் பண உதவி கேட்டு ஒரு மனு வந்தது. நான் எலெக்ட்ரிக் இரு சக்கர வண்டிகளுக்கு மோட்டாரும் கியர்பாக்ஸும் வடிவமைக்கும் வேலையில் இருப்பதால், "நீ பார்த்து ஒரு முடிவு சொல்லுப்பா" என்று தலைவர் சார் அந்த மனுவை என் தலையில் கட்டிவிட்டார். தம்பிகளிடம் போனில் பேசினேன். "மோட்டார் மட்டும் மாறினா போதும்ணா, மத்ததெல்லாம் ஸ்ட்ராங்காதான் இருக்கு" என்றார்கள். இந்த வாக்கியத்தை ஒவ்வொரு தலைமுறையும் சொல்லியிருக்கிறது. அதனால் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதலாம் என்று தோன்றியது.

கடைக்குப் போய் வாங்கக்கூடிய ரேடியோ கண்ட்ரோல் கார் என்று முதலில் சொல்லத்தக்கது 1966-ல் இத்தாலியில் வந்தது. எலெத்ரோனிகா ஜோகத்தோலி என்ற கம்பெனி 1:12 அளவில் ஒரு ஃபெராரி 250 எல்.எம். காரை விற்றது. அதோடு இத்தாலியை விட்டுவிட்டு நேரே ஜப்பானுக்குப் போய்விடலாம். விஷயம் அங்கேதான் சூடு பிடிக்கிறது.

ஷிசுவோகா நகரத்துத் தமியா கம்பெனி 1946-ல் மரவியாபாரமாகத் தொடங்கியது. பிறகு மர பொம்மை, பிறகு பிளாஸ்டிக் மாடல் என்று மாறியது. எழுபதுகளில் போர்ஷே 934 பந்தயக் காரின் 1:12 மாடலைச் செய்யும்போது அளவுகள் துல்லியமாக வேண்டும் என்பதற்காக நிஜமான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு பொம்மை செய்ய ஒரு போர்ஷே! அலங்கார மாடலாக இருந்த அந்த 934-இன் உருவத்தை வைத்தே 1976-ல் தமியா தன் முதல் ரேடியோ கண்ட்ரோல் காரை வெளியிட்டது. அதில் இருந்தது மபுச்சி கம்பெனியின் 540 மோட்டார்.

இந்த 540-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மபுச்சியும் ஜப்பான்காரர்கள்தான். 1954-ல் தொடங்கிய கம்பெனி. வாடிக்கையாளர் கேட்டபடியெல்லாம் விதவிதமாகச் செய்து கொடுக்காமல், தரப்படுத்திய சில மாடல்களை லட்சக் கணக்கில் செய்து விலையைக் குறைப்பது அவர்களுடைய வழி. 540 மோட்டாருக்கு ஏறக்குறைய 36 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் நீளம். ஷாஃப்ட் 3.17 மில்லிமீட்டர், அதாவது எட்டில் ஒரு அங்குலம். முகப்பில் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு எம்3 ஸ்குரூ துளைகள். அவ்வளவுதான். ஆனால் இந்த நாலு எண்கள்தான் ஒரு பெரிய கைத்தொழிலையே உண்டாக்கின. அமெரிக்காவில் ஒருவர் செய்த மோட்டார் ஜப்பான் காரில் அப்படியே உட்காரும். பின்னாளில் உள்ளே இருந்த தொழில்நுட்பமே தலைகீழாக மாறியபோதும் அந்த இரண்டு துளைகள் மாறவில்லை. இன்று விற்கும் 1:10 பிரஷ்லெஸ் மோட்டாரை எண்பதுகளின் காரில் மாட்டலாம். ஸ்டாண்டர்ட் என்றால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் எண் என்று நினைக்கும் ஜூனியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1979-ல் தமியா மண்ணில் ஓடும் பக்கி கார்களுக்கு வந்தது. 1984-ல் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் என்று இரண்டு கார்கள் வந்தன. அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். கியர்பாக்ஸ் ஒரே ஜாடை. ஹார்னெட்டில் 540 மோட்டார், விலை குறைந்த கிராஸ்ஹாப்பரில் அதைவிடச் சின்ன 380 மோட்டார். பிறகு என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? உலகமெங்கும் பையன்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்து 380-ஐக் கழற்றி 540-ஐ மாட்டினார்கள். அது தாங்கியது. அடுத்து 540-க்குப் பதிலாகப் பந்தய மோட்டார் மாட்டினார்கள். பிளாஸ்டிக் கியரின் பல் போயிற்று.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் வேறொன்றைச் செய்தார்கள். அந்தக் காலத்துத் தமியா கார்கள் பலவற்றில் சக்கரமும் கியரும் பிளாஸ்டிக் புஷ்ஷில்தான் சுழன்றன. அதை எடுத்துவிட்டுப் பால் பேரிங் போட்டார்கள். உள்விட்டம் 5, வெளிவிட்டம் 11 மில்லிமீட்டர். 1150 என்று அதற்குப் பெயரே உண்டு. மோட்டார் அதேதான், பேட்டரி அதேதான், கார் கூடுதல் தூரம் ஓடியது. உராய்வில் போய்க் கொண்டிருந்த சக்தி சக்கரத்துக்கு வந்தது. பார்ப்பதற்குப் பளபளப்பு எதுவும் இல்லாத அப்கிரேடு என்பதால் இதை யாரும் நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்படுவதில்லை!

இனி மோட்டாருக்குள் போவோம். நம் ஊரில் மிக்சி மோட்டார் எரிந்தால் காயில் கட்டிக் கொடுக்கிறார்கள் இல்லையா, எண்பதுகளில் பந்தயக்காரர்கள் செய்ததும் காயில் கட்டும் வேலைதான். சாதாரண 540-இல் ஒவ்வொரு பல்லிலும் 27 சுற்று கம்பி. அந்த 27-ஐக் குறைத்துத் தடித்த கம்பியாகச் சுற்றினால் என்ன ஆகும்? பாதியாக்கிப் பார்ப்போம். கம்பியின் நீளம் பாதி, அதே இடத்தில் இரு மடங்கு தடிமன் கொள்ளும், ஆக ரெசிஸ்டன்ஸ் கால் பங்கு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உண்டாகும் பேக் இ.எம்.எஃப். பாதியாகிவிடுவதால் சும்மா சுழலும் வேகம் இரட்டிப்பு. நின்ற நிலையில் இழுக்கும் கரண்ட் நாலு மடங்கு. ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் டார்க் பாதிதான். ஆனால் ஆம்பியர் நாலு மடங்கானதால் மொத்த டார்க் இரண்டு மடங்கு. பேட்டரி அவ்வளவு கரண்டைக் கொடுத்தால்தான் இதெல்லாம். 'குறைந்த டர்ன் மோட்டாருக்கு இழுவை கிடையாது' என்று ஹாபிக்காரர்கள் சொல்வது அந்தக் காலத்துப் பேட்டரியை வைத்துச் சொன்ன வாக்கியம். மோட்டாரின் மேல் தப்பில்லை.

அந்தப் பேட்டரிதான் எல்லாவற்றையும் கட்டிப் போட்டிருந்தது. ஆறு நிக்கல் கேட்மியம் செல், 7.2 வோல்ட், 1200 மில்லி ஆம்பியர் மணி. பந்தயம் நாலு நிமிடம் என்று வைத்துக் கொண்டால், 1.2 ஆம்பியர் மணியை நாலு நிமிடத்தில் தீர்க்கச் சராசரி 18 ஆம்பியர் எடுக்கலாம். சுமார் 130 வாட். அதற்கு மேல் இழுத்தால் கடைசிச் சுற்றில் கார் நின்றுவிடும். 1:12 கார்களுக்கு எட்டு நிமிடப் பந்தயம். அங்கே 9 ஆம்பியர்தான் வரவு. ஆகவே அன்றைய பந்தயக்காரன் ஒரு கருமி மாதிரி யோசித்தான். கம்யூட்டேட்டரை உள்ளங்கை அளவு லேத்தில் வைரமுனை கொண்டு இழைப்பது, பிரஷ்ஷை ராவுவது, ஸ்பிரிங்கை மாற்றுவது, டைமிங்கை ஒரு டிகிரி முன்னே பின்னே தள்ளுவது எல்லாம் அந்த 130 வாட்டில் நாலைந்து வாட்டைக் காப்பாற்றத்தான். கலிஃபோர்னியாவில் மைக் ரீடி என்பவர் இந்த வேலையில் பெரிய பெயர் எடுத்தார். அவர் பெயரிலேயே மோட்டார்கள் இன்னும் விற்கின்றன.

கரண்டைக் கட்டுப்படுத்தும் முறை மட்டும் பரிதாபமாக இருந்தது. சர்வோ ஒரு தகட்டைத் தள்ளும், தகடு ரெசிஸ்டர் வழியாக மோட்டாருக்குக் கரண்ட் விடும். மெதுவாகப் போக வேண்டுமென்றால் மிச்ச சக்தி ரெசிஸ்டரில் சூடாகப் போய்விடும். தொட்டால் கை சுட்டுவிடும். அதாவது மெதுவாகப் போனாலும் பேட்டரிக்குச் செலவு! எண்பதுகளில் நோவக் போன்ற கம்பெனிகளின் டிரான்சிஸ்டர் ஸ்பீடு கண்ட்ரோலர்கள் பந்தயத்துக்குள் பரவின. மாஸ்ஃபெட்டை விநாடிக்குப் பலநூறு, பிறகு பல ஆயிரம் தடவை திறந்து மூடினால் ரெசிஸ்டரே வேண்டாம். இன்று நம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் அடிப்படை அதுதான்.

டிரைவ்டிரெயின் பக்கம் என் மனதுக்குப் பிடித்த கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் செசில் ஷூமாக்கர் என்ற எஞ்சினியர் இருந்தார். ரேஸ் கார் எஞ்சின் செய்யும் காஸ்வொர்த் கம்பெனியில் வேலை பார்த்தவர். (மைக்கேல் ஷூமாக்கருக்கு இவர் உறவில்லை.) 1980-ல் இவர் பால் டிஃபரன்ஷியலைக் கொண்டு வந்தார். பெவல் கியரே கிடையாது. பெரிய கியரில் வட்டமாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலும் ஒரு சின்ன எஃகுக் குண்டு. இரு பக்கமும் இரண்டு தட்டையான வளையங்கள். நடுவே ஒரு ஸ்குரூவும் ஸ்பிரிங்கும் வளையங்களைக் குண்டுகள் மேல் அழுத்திப் பிடிக்கும். கார் நேராக ஓடும்போது எல்லாம் சேர்ந்து ஒன்றாகச் சுற்றும். திரும்பும்போது குண்டுகள் தம் இடத்திலேயே உருண்டு ஒரு சக்கரத்தை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் விடும். எடை குறைவு, வழவழப்பு, ஸ்குரூவைத் திருப்பி இறுக்கத்தை மாற்றிக் கொள்ளலாம். வடிவமைப்பைப் படமாக வரைந்து பார்த்தால் 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும். அப்படித் தோன்ற வைப்பதுதான் கஷ்டம்.

அந்த டிஃப் தாங்கும் டார்க்குக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் போனால் வளையம் குண்டுகள் மேல் சறுக்கும்; தேய்ந்து கோடு விழும். ஆகவே சறுக்குவதற்கென்றே வேறோர் இடத்தை உண்டாக்கினார்கள். அதுதான் ஸ்லிப்பர் கிளட்ச். ஸ்பர் கியரை இரண்டு உராய்வுத் தகடுகளுக்கு நடுவே ஸ்பிரிங்கால் அழுத்தி வைப்பது. கார் குதித்து இறங்கும்போது, காற்றில் வெறித்தனமாகச் சுழன்ற சக்கரம் தரையைத் தொட்டதும் சட்டென்று பிடிக்கும். அந்த அதிர்ச்சி முழுவதும் கியர் பல்லுக்குப் போகாமல் கிளட்ச் கொஞ்சம் சறுக்கி விழுங்கிக் கொள்ளும். வீட்டு ஃபியூஸ் மாதிரி. ஃபியூஸ் எரிந்து போகும், இது மறுபடி மறுபடி வேலை செய்யும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கம்பியைத் தடிமனாகக் கட்டுகிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு, ஸ்லிப்பர் நட்டை முழுக்க இறுக்குகிறவர்கள் ஹாபியிலும் உண்டு. இரண்டு பேருக்கும் நேர்வது ஒன்றுதான்.

1984-ல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் கம்பெனியின் ஆர்.சி.10 வந்தது. தங்க நிற அலுமினியத் தொட்டி மாதிரியான சேசிஸ். அது பொம்மையிலிருந்து இறங்கி வந்த கார் இல்லை, பந்தயத்துக்கென்றே பிறந்த கார். ஆர்.சி.10 வந்த பிறகு ஆஃப்-ரோடு பந்தயத்தின் தரமே உயர்ந்துவிட்டது. ஜாயிண்டுகளும் அப்படியே முன்னேறின. சக்கரத்துக்குச் சக்தி கொண்டு போன ஷாஃப்டின் இரு முனையும் நாய் கவ்வும் எலும்பு போல இருப்பதால் அதற்கு டாக்-போன் என்று பெயர். இடித்தால் கழன்று விழும், கப் தேயும். அமெரிக்காவின் எம்.ஐ.பி. கம்பெனி விற்ற சி.வி.டி. வகை எஃகு ஷாஃப்டுகளில் ஒரு முனை ஜாயிண்ட்டாகப் பூட்டப்பட்டிருக்கும். ஹாபிக்காரர்கள் பேரிங்குக்கு அடுத்து வாங்கிய உருப்படி பெரும்பாலும் இதுதான்.

இரண்டு மோட்டார் வைக்கும் யோசனையையும் சொல்ல வேண்டும். 1987-ல் தமியாவின் கிளாட் பஸ்டர் என்ற பெரிய சக்கர டிரக்கில் முன் ஆக்சிலுக்கு ஒரு 540, பின் ஆக்சிலுக்கு ஒரு 540. ஆக்சிலுக்கு ஒன்றாக இரண்டு கியர்பாக்ஸ். எந்த கியரும் ஒரு மோட்டாருக்கு மேல் சுமக்கவில்லை. 2000-களின் தொடக்கத்தில் பிரபலமான அமெரிக்க டிராக்ஸாஸ் கம்பெனியின் இ-மேக்ஸ் டிரக்கிலும் இரண்டு மோட்டார், அதுவும் நீளமான 550 அளவு, கூடவே இரண்டு பேட்டரி. ஆனால் இங்கே இரண்டு பினியனும் ஒரே ஸ்பர் கியரைக் கடித்தன. அங்கிருந்து ஒரே பாதையில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல், பிறகு ஒன்றுக்குள் ஒன்று நீண்டு சுருங்கும் பிளாஸ்டிக் ஷாஃப்டுகள். சாதாரண மோட்டாருக்கு அது போதுமானதாகவே இருந்தது.

அப்போதுதான் பிரஷ்லெஸ் வந்தது. எலெக்ட்ரிக் விமான மாடல்காரர்கள் ஏற்கெனவே பயன்படுத்தி வந்த மோட்டார் இது. சுழலும் பாகத்தில் காந்தம், நிற்கும் பாகத்தில் காயில், பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் இல்லை. இழைக்க வேண்டியதில்லை, ராவ வேண்டியதில்லை, தீப்பொறி இல்லை. காயிலின் சூடு நேராக வெளிக்கூட்டுக்குப் போய்விடும். 2003-ல் நோவக் கம்பெனி சென்சார் வைத்த பிரஷ்லெஸ் செட்டைக் கார்களுக்கென்று விற்றது. கேன்சஸ் மாநிலத்துக் காஸில் கிரியேஷன்ஸ் சென்சார் இல்லாத வகையில் மாம்பா வரிசையைக் கொண்டு வந்தது. உள்ளங்கை லேத்தில் வித்தை காட்டியவர்கள் ஒரே இரவில் வேலையிழந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. நம் வொர்க்ஷாப்பில் அரத்தைப் பிடித்து வியர்த்தவர்களுக்குப் புரியும்.

பேட்டரியும் சேர்ந்து மாறியது. 1200 என்பது 1700 ஆகி, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் 3000-ஐத் தாண்டி, 2000-களின் பிற்பகுதியில் லித்தியம் பாலிமருக்கு, ஹாபிக்காரர் வாயில் லிப்போவுக்கு, வந்து சேர்ந்தது. 5000 மில்லி ஆம்பியர் மணி லிப்போவை ஐந்து நிமிடத்தில் தீர்த்தால் சராசரி 60 ஆம்பியர். பழைய 18-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபது வருடம் எல்லாரையும் கட்டிப் போட்டிருந்த கயிறு அறுந்தது. மோட்டாருக்கும் தடையில்லை, பேட்டரிக்கும் தடையில்லை. மிச்சமிருந்தது கியர்தான்.

இ-மேக்ஸில் பிரஷ்லெஸ் மாட்டியவர்கள் என்னென்ன உடைத்தார்கள் என்பது ஒரு தனிப் புராணம். முதலில் பிளாஸ்டிக் ஷாஃப்ட் முறுக்கிக் கொண்டது. எஃகு ஷாஃப்ட் போட்டார்கள். டிஃபரன்ஷியலின் பெவல் கியர் பல் போயிற்று. கெட்டிப்படுத்திய கியர் போட்டார்கள். அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு விரிந்து கொடுத்து கியர்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகின. கூட்டை அலுமினியமாக்கினார்கள். எடை கூடியது, குதித்து இறங்கும்போது சஸ்பென்ஷன் கை உடைந்தது. ஒரு டிரக்கின் விலையைப் போல இரண்டு மடங்கு அதற்குள் போய்விடும். (என் மனைவி இந்தப் பாராவைப் படித்துவிட்டு, "இதுல நீங்க எத்தனை பாகம்?" என்று கேட்டாள்.) பிறகு டிராக்ஸாஸே பிரஷ்லெஸ் இ-மேக்ஸை விற்றது.

கெட்டிக்காரர்கள் சிலர் வேறு திசையில் போனார்கள். 1:8 நைட்ரோ பக்கிகள் என்று பெட்ரோல் மாதிரி எரிபொருளில் ஓடும் பந்தயக் கார்கள் இருந்தன. அவற்றின் டிரைவ்டிரெயின் எஞ்சினின் அடியைத் தாங்குவதற்கென்றே எஃகில் செய்தது. எஞ்சினைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் பெரிய பிரஷ்லெஸ் மோட்டாரை உட்கார வைத்தார்கள். அந்த மோட்டார்களின் ஷாஃப்ட் 5 மில்லிமீட்டர். முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு விகிதம் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்தோமே, 3.17-இலிருந்து 5-க்குப் போனால் ஏறக்குறைய நாலு மடங்கு. கெட்டியான வண்டியை முதலில் எடுத்துக் கொண்டு மோட்டாரைப் பிறகு தேடியது இந்த ஹாபியின் வரலாற்றில் அநேகமாக முதல் தடவை. என் அபிப்பிராயத்தில் மிகப் புத்திசாலித்தனமான அப்கிரேடும் அதுதான். பிறகு கம்பெனிகளே எலெக்ட்ரிக் 1:8 கார்களை நேரடியாக விற்க ஆரம்பித்தன.

2011-ல் டிராக்ஸாஸ் எக்ஸ்.ஓ.-1 என்ற காரை மணிக்கு 100 மைல் என்று சொல்லியே விற்றது. 2014-ல் அமெரிக்காவில் நிக் கேஸ் என்பவர் தாமே கட்டிய பேட்டரிக் காரை மணிக்கு 325 கிலோமீட்டர் ஓட்டிக் கின்னஸில் இடம் பிடித்தார். 2015-ல் வந்த டிராக்ஸாஸ் எக்ஸ்-மேக்ஸ் என்ற பெரிய டிரக், பிற்பாடு 8 செல் வடிவம் வரை போனது. அதில் ஒரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்பர் கியருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ரப்பர் மாதிரியான ஒரு மெத்தை. நம் பைக்கின் பின்சக்கரத்தில் மெக்கானிக் அண்ணன்கள் "கப்ளிங் ரப்பர் போச்சு சார்" என்பார்களே, அதேதான். மோட்டாரின் வேகமும் பேட்டரியின் சக்தியும் எங்கெங்கோ போய், கடைசியில் கியரைக் காப்பாற்ற வந்தது பைக்கில் பல வருடமாக இருக்கும் ரப்பர்!

சரி, தம்பிகளின் டிரக்குக்கு வருவோம். அவர்கள் அனுப்பிய எண்கள் இவை. மோட்டார் 2200 கே.வி. (ட்ரிபிள்-ஈ நண்பர்கள் கிலோ வோல்ட் என்று பயப்பட வேண்டாம்; ஒரு வோல்ட்டுக்கு இத்தனை ஆர்.பி.எம். என்று அர்த்தம்.) இப்போதுள்ள பேட்டரி 3 செல், 11.1 வோல்ட். பெருக்கினால் 24,420 ஆர்.பி.எம். மொத்த கியர் விகிதம் 15-க்கு 1. சக்கர விட்டம் 15 சென்டிமீட்டர். விநாடிக்கு 12.8 மீட்டர், மணிக்கு 46 கிலோமீட்டர். இது சும்மா சுழலும் கணக்கு, நிஜத்தில் கொஞ்சம் குறையும். இதே கே.வி.யில் பெரிய மோட்டாரும் 6 செல்லும் வைத்தால் வேகம் இரட்டிப்பு, மணிக்கு 92. வண்டியின் எடை 5 கிலோ. இயக்க ஆற்றல் 409 ஜூலிலிருந்து சுமார் 1640 ஜூலுக்குப் போகிறது. இன்னொரு விதமாகச் சொன்னால், ஐந்து கிலோ அரிசிப் பையை 33 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பத்தாவது மாடியிலிருந்து, கீழே போடுவதற்குச் சமம். அவர்கள் ஓட்டுவது ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் நடுவே உள்ள ரோட்டில். சாயங்காலம் அந்த ரோட்டில் யார் யார் நடப்பார்கள் என்று படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

டார்க் கணக்கும் உண்டு. 2200 கே.வி. மோட்டார் ஒரு ஆம்பியருக்கு 0.00434 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் (9.55-ஐ கே.வி.யால் வகுக்க). 100 ஆம்பியர் இழுத்தால் 0.43. கியர் அதைப் பதினைந்து மடங்காக்கிச் சக்கரத்துக்கு 6.5 நியூட்டன் மீட்டர் அனுப்பும். பெரிய மோட்டார், ரெசிஸ்டன்ஸ் குறைந்த பேட்டரி என்றால் அந்த 100 ஆம்பியர் சுலபமாக 150 ஆகும். அவர்களுடைய டிஃப் கூடு இன்னும் பிளாஸ்டிக். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஸ்குரூ துளையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடியிருக்கிறது. பிளாஸ்டிக் விட்டுக் கொடுக்கத் தொடங்கினால் முதலில் வெளுக்கும். "மத்ததெல்லாம் ஸ்ட்ராங்" என்ற வாக்கியம் அங்கேயே முடிந்து போயிற்று.

லிப்போவைப் பற்றியும் கேட்டேன். ஹாஸ்டல் ரூமில் ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்களாம்! ஒரு செல்லின் பெயரளவு வோல்ட்டேஜ் 3.7, முழுச் சார்ஜில் 4.2, அதற்கு மேல் ஏறினால் ஆபத்து. 3-க்குக் கீழே இறங்கினால் செல் கெடும். ஓரத்தில் உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடக் கூடாது. எடுத்து வைக்கும்போது ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். லிப்போ பற்றினால் தண்ணீர் பக்கெட்டை வைத்துச் சமாளிக்கும் தீ அல்ல அது. கட்டில், மெத்தை, ரெக்கார்டு நோட்டு, மேல் பங்கில் தூங்கும் ரூம்மேட்...

சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பரிந்துரை இதுதான். இந்த வருடப் பணத்தில் கெட்டிப்படுத்திய எஃகு டிஃப் கியர்களும் அலுமினியக் கூடும், ஒரு செட் எஃகு ஷாஃப்ட், எல்லா இடத்துக்கும் பேரிங், செல் செல்லாகப் பார்த்து நிரப்பும் பேலன்ஸ் சார்ஜர், சார்ஜ் செய்ய மணல் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று, இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் ஒன்று. சார்ஜ் போடுவது மெஷின்ஸ் லேபில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஓட்டுவது பின்பக்க மைதானத்தில், ஆள் இல்லாத நேரத்தில். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மோட்டார் சூட்டை நோட்டில் எழுத வேண்டும். 80 டிகிரியைத் தாண்டினால் பினியனில் ஒரு பல் குறைத்து மறுபடி ஓட்ட வேண்டும். பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே நோட்டுப் புத்தகக் காகிதத் துண்டு ஒன்றை வைத்து அழுத்தி ஸ்குரூவை இறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவ வேண்டும், அதுதான் பல்லுக்கு வேண்டிய இடைவெளி. கிரப் ஸ்குரூவுக்கு லாக்டைட் மறக்கக் கூடாது.

தலைவர் சார் படித்துவிட்டு, "பசங்க மோட்டார் கேட்டா நீ மணல் பெட்டி குடுக்கறியேப்பா" என்றார். தம்பிகளுக்கும் முதலில் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஒரு தங்கை மட்டும், ட்ரிபிள்-ஈ, "அப்ப ஸ்லிப்பர் எந்த டார்க்ல சறுக்கணும்னு அளந்து வைக்கலாமாண்ணா?" என்று கேட்டாள். ஸ்பிரிங் தராசும் ஒரு கம்பியும் போதும், எப்படி அளப்பது என்று தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த எண் கைக்கு வந்த பிறகு 4 செல் பேட்டரிக்கான மனுவைக் கொண்டு வரட்டும். பத்து பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடிந்துவிடுகிற தொகைதான். முதல் பெயராக என் பெயரைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன்.